டொப்-அப் பட்டமா, திறந்த பல்கலைக்கழகமா?

கேள்வி: எனக்கு 29 வயது. நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பகுதியில் வேலை செய்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து மூன்று பாடங்களிலும் 'எஸ்' எடுத்தேன். இசட் புள்ளி காணாமல் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. சுற்றாடல் முகாமைத்துவம் படிக்க வேண்டுமென்பது நீண்ட நாள் ஆசை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பட்டத்தை 'டொப்-அப்' முறையில் 18 மாதத்தில் முடிக்கலாம், எல்லாமே இணையவழி, வீட்டை விட்டு அசையத் தேவையில்லை என்று கொழும்பிலிருந்து ஒரு முகவர் சொல்கிறார். முற்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார். நான்கு வயதில் ஒரு மகன் இருக்கிறான். கணவருக்குச் சம்மதம். மாமிதான் "இந்த வயசில என்ன படிப்பு" என்கிறா. ஆய்வுகூடம் இல்லாமல் இந்தப் பாடத்தைப் படிக்க முடியுமா? படித்தால் வேலை கிடைக்குமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருகோணமலை)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முற்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். அந்த முகவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. அவர் சொல்லும் கணக்குத்தான் இடிக்கிறது.

டொப்-அப் என்றால், ஏற்கெனவே உயர் டிப்ளோமா அளவுக்குப் படித்து முடித்தவர் கடைசிக் கட்டத்தை மட்டும் படித்து அதைப் பட்டமாக்கிக்கொள்வது. உங்களிடம் அந்த டிப்ளோமா இல்லை. அப்படியானால் 18 மாதத்துக்குள் டிப்ளோமாவையும் பட்டத்தையும் சேர்த்து முடிக்க வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப் பட்டம் ஒன்றுக்கு 90 திறமைப்புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணி நேரக் கற்றல் என்பது அதன் அளவு. விரிவுரை, சொந்தமாகப் படிப்பது, ஒப்படை, செய்முறை, பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஆக மொத்தம் 4500 மணி நேரம். இதை 18 மாதத்துக்குள் திணித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 58 மணி நேரம் வருகிறது. ஹோட்டல் வேலையும் பார்த்து, பிள்ளையையும் பார்த்து, 58 மணி நேரம்! ஒன்றில் நீங்கள் உடைந்துபோவீர்கள், இல்லாவிட்டால் அந்தப் படிப்பில் பெரிதாகப் படிக்க ஒன்றும் இல்லை.

அதே 4500 மணியை ஆறு வருடத்துக்குப் பரப்பினால் கிழமைக்கு 14, 15 மணி நேரம்தான். ஆறு வருடம் என்றதும் மலைப்பாக இருக்கும், தெரியும். ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்குப் பொருந்தும் கணக்கு இதுதான்.

அதனால் நான் சொல்வது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980 இல் தொடங்கியது, நாவலையில் தலைமையகம், மற்ற அரச பல்கலைக்கழகங்களைப் போலவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் வருவது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் மூன்றிலும் சித்தி உள்ள உங்களைப் போன்றவர்கள் அதன் விஞ்ஞானமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இசட் புள்ளி அங்கே குறுக்கே வராது. எந்த வருடம் எத்தனை பாடம் எடுப்பது என்பதிலும் ஓரளவு உங்கள் கை ஓங்கியிருக்கும். மட்டக்களப்பில் பிராந்திய நிலையமும் திருகோணமலையிலேயே கற்கை நிலையமும் உண்டு. முதலில் நம்மூர் நிலையத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலுக்கும் நேரில் கிடைக்கும் பதிலுக்கும் நம் நாட்டில் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பட்டத்தின் பெயரில் 'சுற்றாடல் முகாமைத்துவம்' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் என்று படித்த ஒருவர் பிறகு முதுமாணியில் சுற்றாடல் பக்கம் திரும்பலாம். அடித்தளம் இல்லாமல் முகாமைத்துவத்தை மட்டும் படித்தவருக்கு ஒரு நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொடுத்தால் எந்த எண் ஆபத்தானது என்று சொல்லத் தெரியாது. இந்தத் துறையில் அப்படிப்பட்ட அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை.

ஆய்வுகூடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆய்வுகூடம் இல்லாமல் முடியாது, முடியும் என்று சொல்பவரை நம்பவும் வேண்டாம். உங்கள் ஹோட்டலின் கழிவுநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியே விடலாமா என்று தீர்மானிக்கப் பார்க்கும் முக்கிய அளவுகளில் ஒன்று உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. மாதிரியை 20 பாகை செல்சியஸில் ஐந்து நாள் இருட்டில் வைத்து, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனைத் தின்றிருக்கின்றன என்று அளப்பார்கள். போத்தலை எப்படி நிரப்புவது, குமிழி இல்லாமல் எப்படி மூடுவது என்பதையெல்லாம் கைதான் பழக வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் செய்முறைகளுக்கும் 'டே ஸ்கூல்' வகுப்புகளுக்கும் நீங்கள் நேரில் போகத்தான் வேண்டும். எந்தப் பாடத்தின் செய்முறை எந்த நிலையத்தில் நடக்கும், மட்டக்களப்பா கொழும்பா, வருடத்தில் எத்தனை நாள் என்று பதிவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடர் மதிப்பீட்டில் தேவையான புள்ளி இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒப்படையைக் கடைசி நாள்வரை இழுத்தடிப்பவர்களுக்குத் தொலைக்கல்வி சரிவராது.

செய்முறை போக மிச்சம் எல்லாவற்றுக்கும் நீங்கள் இருக்கும் இடத்தைப் போல வேறு இடம் கிடையாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நிலாவெளிக் கிணறுகளைப் பாருங்கள். மாரி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கைபன்-ஹெர்ஸ்பேர்க் விதி. அதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அந்தக் கணக்குப்படி கீழே உப்பு 40 அடி மேலேறும். இப்போது ஹோட்டல் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். நமக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. வெள்ளைக்காரர் நிறையும் சீசன் மேயிலிருந்து செப்டெம்பர் வரை. கிணற்றுக்கு நீர் வராத மாதங்களில்தான் அறைகள் நிரம்பி, ஷவரும் துவாய் கழுவலும் நீச்சல் குளமும் தண்ணீரை இழுக்கின்றன. நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட மின்கடத்துதிறன் மானி என்று கையடக்கக் கருவி ஒன்று இருக்கிறது. அதை வாங்கி, ஹோட்டல் கிணற்றையும் பக்கத்து வீட்டுக் கிணறுகள் சிலவற்றையும் கிழமைக்கு ஒரு தடவை ஒரே நேரத்தில் அளந்து குறித்துவைத்தால், ஒரு வருடத்தில் உங்கள் கையில் இருப்பதை எந்தப் பாடப்புத்தகமும் தராது. அத்தோடு அன்றன்றைக்கு எத்தனை அறை நிரம்பியது என்ற கணக்கு உங்கள் மேசையிலேயே இருக்கிறது! வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர் அந்த எண்ணைப் பெற முதலாளியிடம் எத்தனை தரம் கெஞ்ச வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்களும் முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டே செய்யுங்கள்.

புறாத்தீவுக்குப் படகு ஏற்றிவிடுவதும் உங்கள் வேலைதானே. 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கும் இடம் அது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகலாம், பவளப்பாறையை மிதிக்காமல் நீந்துவதை யார் சொல்லிக்கொடுப்பது, படகோட்டியின் வருமானம் என்னாவது என்று கேட்கத் தொடங்கினால் அதுதான் சுற்றாடல் முகாமைத்துவம். இந்தப் பக்கம் சம்பூர். 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்து, 2016 இல் கைவிடப்பட்டது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் என்ன, அதை மக்கள் எப்படி வாசிக்கிறார்கள், அரசியல் எங்கே நுழைகிறது என்பதைக் கற்க வேறு ஊருக்குப் போகத் தேவையில்லை.

ஆங்கிலம் உங்களுக்குத் தடையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், நீங்கள் சொல்லாவிட்டாலும். விஞ்ஞானப் பட்டம் ஆங்கிலத்தில்தான். ஹோட்டலில் பேசும் ஆங்கிலம் வேறு, சட்டமும் அறிக்கையும் எழுதும் ஆங்கிலம் வேறு. ஒரு வழி சொல்கிறேன். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளைக்கு ஒரு பிரிவு வாசியுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபை உருவானது அந்தச் சட்டத்தால்தான், எப்படியும் படிக்க வேண்டியதுதான். தமிழ்ப் பிரதி சில இடங்களில் ஆங்கிலத்தைவிடப் புரியாமல் இருக்கும். அது உங்கள் குற்றமில்லை.

சரி, வேலை. பட்டம் கிடைத்த மறுநாள் அரச வேலை வரும் என்று நான் எழுதினால் அது பொய். அரச பதவிகளுக்கு ஆட்சேர்ப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. எந்தப் பாடங்களில் பட்டம் வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தலில் வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். நீங்கள் ஆசைப்படும் பதவிக்கு முன்பு வந்த அறிவித்தல்களைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துவிட்டுப் பாடங்களைத் தெரிவு செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பட்டம் முடித்த பிறகு வர்த்தமானியைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

தனியார் பக்கம் எனக்கு நம்பிக்கை கூட. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடத்த முடியாத தொழில்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. சீனக்குடாப் பக்கம் மாவு ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்த் தாங்கிகள், புல்மோட்டையில் கனிய மணல், பிறகு உங்கள் மாதிரி ஹோட்டல்கள். அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவும் அதன் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். 1996 இல் முதலில் வெளியாகி 2015 இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சுற்றாடல் முகாமைத்துவத் தரச் சான்று எடுக்க விரும்பும் நிறுவனங்களுக்கும் ஆவணங்களை ஒழுங்காக வைத்திருக்கும் ஒருவர் தேவை. பட்டம் முடியும்வரை காத்திருக்காமல், உங்கள் ஹோட்டலின் அனுமதிப்பத்திரக் கோப்பை யார் பார்க்கிறார் என்று இப்போதே விசாரியுங்கள். அனேகமாகக் கணக்காளர்தான் வேண்டா வெறுப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் உதவுகிறேன் என்று கேட்டால் மறுக்க மாட்டார்.

வெளிநாட்டுப் பட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிவாரிப் பட்டத்தை லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே கொடுத்து வந்திருக்கிறது. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1969 இல் உருவானது, இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகம் 1985 இல். முதுமாணிக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். அப்போதும் பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு மானியங்கள் ஆணைக்குழுவிடம் போய், அது அங்கீகரிக்கப்பட்டதா என்று நீங்களே கேளுங்கள். கட்டணத்தை முகவர் கணக்குக்கு அனுப்பாமல் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கே செலுத்துங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டதும் முகவர் அழைப்பெடுப்பதை நிறுத்திவிட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மாமியோடு வாதாட வேண்டாம். 'படிக்கட்டுமா' என்று கேட்டால் 'ஏன்' என்று வரும். பதிலாக, போயா நாளும் ஞாயிறு காலையும் மகனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேளுங்கள். பேரனோடு இருக்க அவவுக்குக் கசக்காது. கணவரிடமும் 'சம்மதம்' என்ற சொல்லோடு நிற்காமல், கிழமையில் எந்த இரண்டு இரவு சமையல் அவருடையது என்று பேசி முடியுங்கள். சீசன் மாதங்களில் பாரத்தைக் குறைத்து, மாரியில் கூட்டி எடுக்கலாம் என்று நினைப்பீர்கள். அதற்கு முன் பரீட்சைகள் எந்த மாதம் வருகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள், பரீட்சை அட்டவணை ஹோட்டலைக் கேட்டுப் போடப்படுவதில்லை.

கற்கை நிலையத்துக்குப் போகும்போது உயர்தரப் பெறுபேற்றின் மூலப்பிரதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அடையாள அட்டையில் பெயரை மாற்றியிருந்தால் விவாகச் சான்றிதழும் வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் பெறுபேற்றிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அதைத் திருத்த எடுக்கும் காலம், விண்ணப்ப முடிவுத் திகதியைத் தாண்டிப் போய்விடக்கூடும்.