தூக்கிக் கட்டிய பிக்கப்பும் திரும்ப மறுக்கும் ஸ்டீயரிங்கும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் ஹைலக்ஸ் பிக்கப்பை இரண்டு அங்குலம் உயர்த்தி, 265/60 ஆர்18 டயர்களுக்குப் பதிலாக 285/65 ஆர்18 போட்டேன். அன்று முதல் 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி சாலையில் அலைகிறது. வளைவைத் தாண்டியபின் ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை. முழுவதும் ஒடித்தால் டயர் உள்ளே உரசுகிறது. பட்டறையில், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் ராக்கையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உயர்த்திய நாளிலிருந்து தொடங்கிய கோளாறு என்று நீங்களே எழுதியிருக்கும்போது, அதற்கு முந்தைய நாள் வரை ஒழுங்காக வேலை செய்த ராக்கின் மீது பழி போடுவதில் நியாயம் இல்லை.

சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கையை விட்டு ஓட்டினாலும் சக்கரம் நேராக நிற்பதில் அந்தச் சாய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. பிக்கப்பின் முன்சக்கரத்திலும், அது திரும்புவதற்கான மூட்டுகளான மேல் பால் ஜாயின்ட்டையும் கீழ் பால் ஜாயின்ட்டையும் இணைக்கும் கோடு அப்படித்தான் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. இதைத்தான் காஸ்டர் என்கிறோம். ஷாக் அப்சார்பரின் தலையில் வளையம் வைத்து வண்டியைத் தூக்கும்போது சஸ்பென்ஷன் கைகள் கீழ்நோக்கி இறங்கி, இந்தச் சாய்வு குறைந்துவிடுகிறது. ஸ்டீயரிங் நடுநிலைக்குத் திரும்ப மறுப்பதும், நேர்ச்சாலையில் வண்டி இடமும் வலமும் தேடி அலைவதும் காஸ்டர் குறைந்ததற்கான அடையாளங்கள்.

எவ்வளவு தடிமனான வளையம் வைத்தார்கள் என்றும் கேளுங்கள். ஷாக் அப்சார்பர் கீழ்க் கையின் ஏறக்குறைய நடுவில் அமர்ந்திருப்பதால், 25 மில்லிமீட்டர் வளையமே சக்கரத்தில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்தைத் தந்துவிடும். இதை அறியாமல் இரண்டு அங்குல உயரத்துக்கு இரண்டு அங்குல வளையத்தையே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் வண்டியிலும் அப்படி நடந்திருந்தால் அந்த வளையத்தை முதலில் கழற்ற வேண்டும்.

அடுத்தது வீல் அலைன்மென்ட். பல இடங்களில் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்புறம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து, ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். தூக்கிய வண்டிக்கு அது போதாது. காஸ்டர், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் அளவு), டோ ஆகிய மூன்றும் முன்பு எத்தனை, பின்பு எத்தனை என்று அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். கீழ்க் கை பொருந்தும் இடத்தைச் சிறிது நகர்த்தும் கேம் போல்ட்டுகளைத் திருப்பியே இழந்த காஸ்டரில் ஒரு பகுதியை மீட்க முடியும். அவை கடைசி வரை திரும்பியும் போதவில்லை என்றால் மட்டுமே, உயர்த்திய வண்டிகளுக்கென்று செய்யப்படும் மேல் கைகளுக்குச் செலவழியுங்கள்.

உரசலுக்குக் காரணம் உயரம் அன்று, டயர். பழைய டயரின் விட்டம் 775 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் சுமார் 828. ஒவ்வொரு பக்கமும் 26 மில்லிமீட்டர் கூடியிருப்பதோடு அகலமும் 20 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. டயரின் தோள்பட்டையில் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு, காலியான இடத்தில் மெதுவாக இருபுறமும் முழுவதும் ஒடித்து ஓட்டிப் பாருங்கள். மட்கார்டின் உட்புறத்தில் வெள்ளை படிந்த இடமே உரசும் இடம். அது சக்கரத்துக்குப் பின்புறம் இருந்தால், கேம் போல்ட்டால் கீழ்க் கையை முன்னே தள்ளிக் காஸ்டரைக் கூட்டும்போது சக்கரமும் சிறிது முன்னே நகர்வதால் உரசலும் குறையும். அப்படிச் செய்யாமல் சக்கரம் ஒடியும் எல்லையைக் குறைத்துக் கொடுத்தால் உரசல் நிற்கும். ஆனால் ஒரே வீச்சில் திரும்பிய தெருவில் இனி ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று. சக்கரத்துக்கு உட்புறமாக டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட்டைக் குனிந்து பாருங்கள். கோணம் கூடியதால் அதன் மடிப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து கிழிந்தால், ரிம்மின் உட்பக்கம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால், ஒடிக்கும்போது டக் டக் என்று சத்தம் வரத் தொடங்கும்.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இதைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: ஆறு அங்குலம் உயர்த்திய பழைய ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பை வாங்கினேன். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கினால் முன்பக்கம் முழுவதும் கடுமையாக உதறுகிறது. வேகத்தை வெகுவாகக் குறைத்த பிறகே நிற்கிறது. புதிய ஸ்டீயரிங் டேம்பர் போட்டதும் ஒரு மாதம் நன்றாக இருந்தது, மீண்டும் ஆரம்பித்துவிட்டது.
– வாசகர், டெக்சாஸ்

பதில்: அமெரிக்காவில் இதை "டெத் வாபிள்" என்றே அழைக்கிறார்கள், உங்கள் வண்டியைப் போல முன்னாலும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திடமான ஆக்சில் உள்ளவற்றில்தான் இது அதிகம் வருகிறது. டேம்பர் உதறலை அமுக்குமே ஒழிய, உதறலுக்குக் காரணமான தளர்வைப் போக்காது. அந்த ஒரு மாத நிம்மதி வலி மாத்திரை தந்த நிம்மதியைப் போன்றது.

எஞ்சினை ஓடவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக விரைந்து ஆட்டச் சொல்லுங்கள். கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின் நீங்கள் முன்னால் குனிந்து, ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்காக இணைக்கும் டிராக் பாரின் இரு முனைகளையும் பாருங்கள். போல்ட் தன் துளைக்குள் சிறிது நகர்ந்தாலும், ரப்பர் புஷ் பிதுங்கினாலும், குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அங்கே ஆட்டம் இல்லையென்றால் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், டயர் பேலன்ஸ், காஸ்டர் என்று தொடர்ந்து தேடுங்கள்.

ஆறு அங்குல உயரத்தில் வேறொன்றும் உண்டு. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கும் டிராக் பாரும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். முன்னிருந்தவர், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து டிராக் லிங்கை இயக்கும் பிட்மேன் ஆர்மை மட்டும் தாழ்த்திவிட்டு டிராக் பாரை அப்படியே விட்டிருந்தால், ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். முன்னால் நின்று பார்த்தாலே இரண்டும் இணையாக இல்லாதது தெரியும். அதைச் சரிசெய்யும் வரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: உயர்த்திய பிக்கப்பில் வார இறுதியில் மணல்மேட்டுக்குப் போய் வந்தபின், வண்டி நிறுத்துமிடத்தில் திரும்பும்போது ஸ்டீயரிங் இறுகி, வண்டி துள்ளித் துள்ளி நகர்கிறது. லிஃப்ட் கிட்டின் குறையா?
– வாசகர், மஸ்கட்

பதில்: இல்லை. நான்கு சக்கர இயக்கத்தை அணைக்க மறந்திருப்பீர்கள். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவைக் கடக்கின்றன. இத்தகைய பிக்கப் பலவற்றில் அந்த வேறுபாட்டைத் தாங்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. மணலில் சக்கரம் வழுக்கி ஈடுகட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லாமல் முறுக்கு ஏறிவிடுகிறது. 2எச்-க்கு (இரு சக்கர இயக்கத்துக்கு) மாற்றியும் நான்கு சக்கர இயக்க விளக்கு அணையவில்லை என்றால், நேராகப் பின்னோக்கிச் சில மீட்டர் எடுங்கள். முறுக்கு விட்டதும் அணையும்.