‘எல்லாம் ஓடும் சார்’: அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கடிதம். நீளமாக எழுதியிருந்ததால் சுருக்கியிருக்கிறேன்.

“வக்கீல் சாருக்கு வணக்கம். பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் எடுத்தால் கையில் வைத்து ஆடும் கேம் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். 463 எடுத்துவிட்டான். அவனுடைய தாய்மாமா கொடுத்த பழைய பிஎஸ்பி (சோனி கம்பெனியின் கையடக்க கேம் மெஷின்) ஒன்று வீட்டில் இருந்தது. பாட்டரி வீங்கி நின்றுபோய்விட்டது. அதற்கான ஆறு கேம் தட்டுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. லோடு விஷயமாக பெங்களூரு போயிருந்தபோது, அந்தத் தட்டுகளின் போட்டோவை ஒரு கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இதெல்லாம் ஓடுற மாதிரி மெஷின் இருக்கா?’ என்று கேட்டேன். ‘எல்லாம் ஓடும் சார். புதுசு, பிரிக்காத பெட்டி. வேற கேமும் நெட்ல இறக்கிக்கலாம்’ என்று பதில் வந்தது. நேரில் போய் 16,500 ரூபாயை யூபிஐயில் கட்டி வாங்கி வந்தேன்.

வீட்டில் வந்து பார்த்தால் தட்டு போட இடமே இல்லை. பிஎஸ்பி கோ என்ற மாடலாம். வீட்டு வைஃபையையும் அது பிடிக்கவில்லை. பிஎஸ்பிக்கான கேம் விற்பனையே நின்றுபோய்விட்டது என்று மகன் தேடிப் பார்த்துச் சொல்கிறான். உள்ளே வேறு யாரோ ஆடிய கேம் பதிவு வேறு இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், ‘அந்த மாடல் அப்படித்தான், வாபஸ் கிடையாது. 1,500 கொடுங்க, இருநூறு கேம் ஏத்தித் தர்றேன்’ என்கிறார். பில் என்று தந்தது எஸ்டிமேட் சீட்டு. அதிலும் விற்ற பொருள் வாபஸ் இல்லை என்று அச்சடித்திருக்கிறது. கம்பெனி மேலேயும் கடை மேலேயும் வழக்குப் போடலாமா? பத்துப் பதினைந்து வருடப் பழைய சரக்குக்கு இந்த விலை வாங்கியதே மோசடிதானே? ஆனால் பெங்களூருக்கு அலைய என்னால் முடியாது.”

உங்கள் மகனுக்கு முதலில் என் வாழ்த்து.

வழக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. விலையிலும் இல்லை, கம்பெனியிடமும் இல்லை, அந்தக் கருவியிடமும்கூட இல்லை. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அடித்த அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

விலை விஷயத்தை முதலில் ஒதுக்கிவைப்போம். பிஎஸ்பி கோவை சோனி 2009 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க விலை 249.99 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12,000 ரூபாய். தட்டு போட்டு ஆடும் பிஎஸ்பி 3000 அப்போது 169.99 டாலருக்கே கிடைத்தது. தட்டு போடும் பகுதியை எடுத்துவிட்டு 80 டாலர் கூடுதலாகக் கேட்கிறார்களே என்று அன்றைக்கே முணுமுணுப்பு இருந்தது. பதிலுக்குத் தந்தவை 16 ஜிபி உள்நினைவகம், புளூடூத், 3.8 அங்குலத் திரையை மேலே தள்ளினால் பொத்தான்கள் தெரியும் சிறிய உடல். சந்தையில் அது எடுபடவில்லை. 2011இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நின்றுபோன பொருளுக்குச் சேகரிப்பாளர்கள் இஷ்டத்துக்கு விலை கொடுப்பார்கள். பழைய பொருளுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெட்டியில் இந்திய ரூபாயில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருந்து அதற்கு மேல் வாங்கியிருந்தால் கதை வேறு. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அது இல்லையென்றால் ‘அதிக விலை’ என்ற சொல்லே மனுவில் வரவேண்டாம். வந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு, மனுதாரர் பேரம் பேசத் தெரியாமல் வாங்கிவிட்டு வந்து அழுகிறார் என்று கதையை மாற்றிவிடும். மண்டிக்காரருக்கு பேரம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

கம்பெனியையும் விட்டுவிடுங்கள். இந்தக் கருவியில் தட்டு போட முடியாது, இறக்கித்தான் ஆட வேண்டும் என்பதை சோனி முதல் நாளிலிருந்தே மறைக்கவில்லை. பிஎஸ்பிக்கான கேம் விற்பனையை 2021 ஜூலையோடு முடித்துக்கொள்வதாகவும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் முடித்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தங்கள் கணக்கில் இருப்பதை மறுபடி இறக்கிக்கொள்ள வழி வைத்தார்கள். சோனியின் இன்னொரு கேம் கருவியான பிஎஸ்3 கையில் இருப்பவர்கள் அதன் கடையில் பிஎஸ்பி கேம் வாங்கி, கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றுகிற ஒரு சந்தும் உண்டு. ஒரு கருவிக்காக இன்னொரு கருவி வாங்கும் அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன். வீட்டு வைஃபையைப் பிடிக்காததும் பெரும்பாலும் பழுதல்ல. பிஎஸ்பி பேசுவது 802.11பி என்ற மிகப் பழைய வைஃபை மொழி. இன்றைய ரவுட்டர்கள் பல அதற்குப் பதில் சொல்வதில்லை.

அப்படியென்றால் கருவியில் குறையே இல்லையா? தொழில்நுட்பமாகப் பார்த்தால் இல்லை. சட்டப்படி உண்டு. கடைக்காரரின் வக்கீல் வழுக்கப்போவது இந்த இடத்தில்தான்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(10)ஆம் பிரிவில் ‘குறைபாடு’ என்றால் என்ன என்று சொல்கிறது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் இல்லாதது மட்டும் குறைபாடு அல்ல. விற்பவர் ‘எந்த விதத்திலாவது’ சொல்லிக்கொண்ட தரம் பொருளில் இல்லை என்றாலும் அது குறைபாடுதான். கூடையின் மேல்வரிசையைக் காட்டி ‘அடிவரைக்கும் இதே பழம்’ என்று சொல்லி விற்கிற மாதிரி. அடியில் இருப்பது அழுகலாகக்கூட இருக்க வேண்டியதில்லை, வேறு ரகமாக இருந்தாலே போதும். நீங்கள் ஆறு தட்டுகளின் போட்டோவை அனுப்பிக் கேட்டீர்கள். ஓடும் என்றார். ஓடாது. இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்தின் முன் கருவியையும் ஒரு தட்டையும் பக்கத்தில் வைத்தால் போதும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே யோசித்துவிடுவது நல்லது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு: வாங்குபவர் ஒரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால், தன் தேவைக்கு அது பொருந்தவில்லை என்று பிறகு புகார் சொல்வது கடினம். ‘பிஎஸ்பி கோ கேட்டார், பிஎஸ்பி கோ கொடுத்தோம்’ என்று வாதம் வரும். உங்கள் வாட்ஸ்அப்பை எடுத்துப் பாருங்கள். மாடல் பெயரை நீங்கள் எங்காவது சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தின்படி இல்லை. இந்தத் தட்டுகள் ஓடும் மெஷின் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அந்த வேறுபாடு உங்களுக்குத் துணை. இடையில் அவர் மாடல் பெயரைச் சொல்லி நீங்கள் ‘சரி’ என்று போட்டிருந்தால், அதையும் மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். அவர் கொண்டுவந்து காட்டினால் வலிக்கும்.

அடுத்தது உள்ளே இருந்த கேம் பதிவு. ‘பிரிக்காத பெட்டி’ என்ற பேச்சை அது கவிழ்த்துவிடுகிறது. பழைய பொருளைப் புதியது என்று விற்பது 2(47)ஆம் பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை. முறையான பில் தராததும் அதே பிரிவில் வருகிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதில்தான் வருகிறது. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாள் கணக்கு. ஆகவே எஸ்டிமேட் சீட்டில் அச்சடித்த ‘வாபஸ் இல்லை’ அவரைக் காப்பாற்றாது. ஆனால் அந்த வாசகத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டுத் தாக்கக் கிளம்பாதீர்கள். அந்த வகைப் புகாரை மாவட்ட ஆணையம் கேட்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 16,500 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் எதற்கு?

இருநூறு கேம் ஏற்றித் தருகிறேன் என்றாரே, அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். உரிமம் இல்லாத பிரதிகளைத்தான் அவர் ஏற்றப்போகிறார். கேம் என்பது கணினி நிரல். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். ஏழு நாளிலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் கருவியின் மென்பொருளை அவர் மாற்றிவிட்டால், அந்தப் பழைய கேம் பதிவும் போகலாம், ‘சமரசமாகி வாங்கிக்கொண்டார்’ என்ற பேச்சும் வரும். அவர் அதை எழுத்திலோ குரல் பதிவிலோ சொல்லியிருந்தால் அழிக்காமல் வையுங்கள், உங்கள் பக்கத்துக்கு நல்ல சான்று.

இனி அலைச்சல். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டம் இருந்தவரை இப்படிப்பட்ட கேஸில் நம்மூர் ஆட்கள் ஓசூரைத் தாண்டி பெங்களூருக்குப் போய்த்தான் மனு போட வேண்டியிருந்தது. பஸ் செலவும் சாப்பாடும் கணக்குப் பார்த்துவிட்டுப் பலர் விட்டுவிடுவார்கள், என் கட்சிக்காரர்களிலேயே சிலர் அப்படி. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போட அனுமதிக்கிறது. நீங்கள் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கடைக்காரர்தான் வரவேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இதை ஒரு வக்கீல் சொல்வதால் நம்பலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ருதி வழியாகவும் மனுவைச் சேர்க்கலாம், காணொலி விசாரணை வேண்டும் என்று விண்ணப்பிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். கூடவே கடைக்கு ஒரு நோட்டீஸ், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில். நடந்ததை நாலு பத்தியில் எழுதி, பொருளை எடுத்துக்கொண்டு பதினைந்து நாளில் 16,500 ரூபாயைத் திருப்பித் தரவும் என்று முடித்தால் போதும். திட்டாதீர்கள். நோட்டீஸ் இல்லாமலும் மனுப் போடலாம்தான், ஆனால் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தோம் என்பது ஆணையத்தின் முன் நன்றாகத் தெரியும். அப்புறம், பாதிக் கேஸ் நோட்டீஸிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

மனுவோடு சேர்க்க வேண்டியவை உங்கள் போனிலேயே இருக்கின்றன. வாட்ஸ்அப் உரையாடலை முதல் வரியிலிருந்து கடைசிவரை, எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுங்கள். நடுவில் வெட்டி எடுத்தால் சந்தேகம் வரும். மின்னணுச் சான்றுகளுக்கு, புதிய சாட்சிச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவில் சொன்ன சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சிச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும் ஆட்சேபத்துக்கு இடம் வைக்க வேண்டாம். யூபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, பெட்டியின் ஆறு பக்கப் படங்கள், கேம் பதிவு தெரியும் திரையின் படம், தட்டுகளின் படம். கருவியை இனி மகன் கையில் கொடுக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

என்ன கேட்கலாம்? கொடுத்த பணம், அதற்கு வட்டி, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று நஷ்டஈடு கேட்டு எழுதச் சொல்பவர்கள் உண்டு. மனுவின் கனம்தான் குறையும். பொருளை ஆய்வுக்கு அனுப்பத் தேவையில்லாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் கூடுதலாகவே ஆகும், அதற்குத் தயாராக இருங்கள். கடைக்காரர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். உத்தரவு வந்தும் பணம் தரவில்லை என்றால் 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறைக்கோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ வழி இருக்கிறது. மனுப் போட உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வாங்கிய நாளுக்கும் புகாருக்கும் இடையில் இடைவெளி கூடக் கூட, ‘இவ்வளவு நாள் ஆடிவிட்டுத் திருப்பித் தருகிறார்’ என்ற பேச்சுக்கு வலு கூடும். இந்த மாதமே நோட்டீஸ் போகட்டும்.

கடைசியாக, சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. தாய்மாமா கொடுத்த அந்தப் பழைய பிஎஸ்பியில் தட்டு போடும் இடம் இருக்கிறது, பாட்டரியையும் பின்மூடியைத் திறந்து கையாலேயே கழற்றலாம். வேறு பாட்டரி போட்டால் ஆறு தட்டும் ஓடக்கூடும். வீங்கிய பாட்டரியை மட்டும் குத்தாமல், நசுக்காமல், குப்பையிலும் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.