எனக்கேன் தலையிடி – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வன்னிப் பாடசாலைகளில் பெண் அதிபர்கள் குறைவு என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் வன்னியில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பெண்களை யாரும் மறித்து வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதிபர் சேவைப் பரீட்சை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். 2024 இல் பிரதமராகிக் கல்வி அமைச்சையும் பொறுப்பேற்றவர் ஒரு பெண். வவுனியா மாவட்ட நிர்வாகத்தின் தலைவராக, அதாவது அரசாங்க அதிபராக இருந்த சார்ள்ஸ் அம்மையார் பின்னாளில் வடக்குக்கு ஆளுநராகவே வந்தார். ஆனால் எங்கள் ரீச்சர்மாரைக் கேட்டால் "எனக்கேன் சேர் தலையிடி" என்கிறார்கள். என் மகளே அதிபர் சேவையின் மூன்றாம் தரத்துக்குத் தெரிவாகிவிட்டு, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடம் தரப்போகிறார்கள் என்றதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க நிற்கிறாள். ஏழு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. மருமகனுக்குக் கொழும்பில் வேலை. விருப்பமில்லாதவர்களை இழுத்து வந்து கதிரையில் இருத்த முடியுமா? நான் அவளுக்கு என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
கிளிநொச்சி

அன்புள்ள ஐயா,

"எனக்கேன் தலையிடி" என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். அதை விருப்பமில்லாத பேச்சு என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அது நன்றாகக் கணக்குப் பார்த்துச் சொல்லும் பதிலாகப் படுகிறது.

எங்கள் ஆட்கள் பெண்பிள்ளைக்கு ஏன் ஆசிரியத் தொழிலைத் தேடித் தேடி எடுத்தார்கள்? ஏழரைக்குத் தொடங்கினால் ஒன்றரைக்கு மணி அடித்துவிடும். வந்து சமைக்கலாம், பிள்ளையை ரியூசனுக்குக் கொண்டுபோய் விடலாம், மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம். இலங்கை ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பெண்களாக இருப்பதற்கு இந்த ஒன்றரை மணியும் ஒரு காரணம். பெண் வேலைக்குப் போக வீடு கொடுத்த சம்மதமே அந்த மணியோடு கட்டிக் கிடக்கிறது. அதிபரானால் முதலில் போவது அதுதான். சம்பளத்தில் ஏறுகிற காசு அந்த இழப்புக்குக் கிட்டவும் வராது.

ஒரு அதிபரின் பின்னேரத்தைப் பாருங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். துணுக்காயில் கூட்டத்தை முடித்துவிட்டு நெடுங்கேணிப் பக்கம் வீடு திரும்பும் ஆண் அதிபர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெண் அதிபர் கடைசி பஸ்ஸையும் நம்ப முடியாது, இருட்டினால் யானை மறிக்கும் றோட்டில் ஸ்கூட்டியையும் நம்ப முடியாது. பிறகு ராத்திரி பத்து மணிக்குக் கனடாவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் எடுப்பார். அவருக்கு அது பகல். வகுப்பறைக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்கிற மனுசன், எடுக்காமலும் விட முடியாது. அதிபர் சேருக்கு அந்த நேரம் கோல் வந்தால் அது பொதுக்காரியம். ரீச்சருக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து யார் எடுத்தது என்று விளக்கம் சொல்ல வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களை நீங்கள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். வன்னியில் அந்தக் கதிரைகளில் இருப்பது பெரும்பாலும் தாய்மார். யுத்தத்துக்குப் பிறகு அவர்களில் பலர் தனியாகக் குடும்பம் நடத்துபவர்கள். ஆனால் மண் யார் பறிப்பது, மதிலை எந்த மேசனிடம் கொடுப்பது என்பதெல்லாம் வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் நாலு ஆண்களுக்குள் முடிந்துவிடும். போன வருடம் ஒரு கூட்டத்தில் கண்டேன். பிரதி அதிபராக இருந்த ரீச்சர் கணக்கறிக்கையை வாசித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பி, "சரி ரீச்சர், இதைப் பற்றி நாங்கள் சேரோட கதைக்கிறம்" என்றார். சேர் என்றது அந்த ரீச்சரை விட எட்டு வருடம் இளைய விளையாட்டு ஆசிரியரை. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார். ஒருவரும் மறிக்கவில்லை. நீங்கள் சொல்வதும் அதைத்தானே ஐயா?

பரீட்சை ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பரீட்சைக்கு முன்னும் பின்னும் இருக்கிறதே. பாடசாலைக்குள்ளே யாருக்கு என்ன பொறுப்பு என்று பாருங்கள். ஒழுக்கம், விளையாட்டுப் போட்டி, கட்டட வேலை, வலயத்தோடு ஓடித் திரிவது எல்லாம் ஆண் ஆசிரியர்களுக்கு. ஆரம்பப் பிரிவு, வாணி விழா, பரிசளிப்பு விழாவுக்குக் குத்துவிளக்கும் தேநீரும் பெண்களுக்கு. இருபது வருடம் அப்படி ஓடிய பிறகு நேர்முகத்தில் "என்ன நிர்வாக அனுபவம்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை எதைச் சொல்லும்? உண்மையில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்வது கட்டடம் கட்டுவதை விடப் பெரிய நிர்வாகம். ஆனால் அதற்கு ஒருவரும் கடிதம் கொடுப்பதில்லை.

அதிபர் சேவையில் ஆள் இல்லாத இடங்களில் கடமை நிறைவேற்று அதிபர் என்று ஒருவரைப் போடுவார்களே, அதற்குப் பரீட்சையும் இல்லை. அந்தப் பெயர்கள் எப்படி முடிவாகின்றன என்பது என்னை விட உங்களுக்குத் தெரியும். கந்தோரில் யாரோ ஒருவரின் நினைவில் வரும் பெயர்தான். பின்னேரம் ஆறு மணிக்குக் கந்தோர் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பவரின் பெயர் நினைவில் வரும், ஒன்றரைக்கு வீட்டுக்கு ஓடுபவரின் பெயர் வராது. இதில் சதி ஒன்றும் இல்லை. அதனால்தான் திருத்துவது கஷ்டமாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் வன்னிக்கு இன்னொரு குறை. அங்கே 1824 இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. பிறகு வேம்படி, அதற்குப் பிறகு எத்தனையோ மகளிர் கல்லூரிகள். அவற்றில் பெண் அதிபராக இருப்பது வழக்கமாகிவிட்டதால் ஒரு பெண் ஏறிப் போக ஒரு ஏணி இருந்தது. வன்னியில் மகளிர் பாடசாலைகளை வவுனியா இறம்பைக்குளம், கிளிநொச்சி புனித திரேசா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம், மற்றதெல்லாம் கலவன். கலவன் என்றதும் கேள்வி வந்துவிடும், "உயர்தரப் பெடியளை ஒரு பொம்பிளை எப்படி அடக்குவா?" 2009 இல் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் கூடாரத்துக்குள் அதே வயதுப் பெடியளுக்கு ரீச்சர்மார் படிப்பித்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாக நினைவில்லை.

சார்ள்ஸ் அம்மையாரைச் சொன்னீர்கள். நல்ல உதாரணம், ஆனால் அது எனக்குத்தான் உதவுகிறது. நிருவாக சேவைக்கு இள வயதிலேயே பரீட்சை எழுதி உள்ளே போகலாம். அரசாங்க அதிபருக்கு வாகனம் உண்டு, சாரதி உண்டு, விடுதி உண்டு, கூட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்று தீர்மானிக்கிற அதிகாரமும் உண்டு. உங்கள் மகளுக்கு இதில் எது கிடைக்கப் போகிறது? நாற்பதை நெருங்கும்போது, ஏழு வயதுப் பிள்ளையோடு, ஏ9 இல் மாங்குளம் போய் அங்கிருந்து கிழக்கே திரும்பி, பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு பள்ளிக்கூடம். அதற்குள் தலைமைத்துவப் பயிற்சிக்கு கொழும்புப் பக்கம் மீப்பேக்கு வா, மகரகமவுக்கு வா என்றால் ராத்திரி பஸ். மேலே ஒரு பெண் இருப்பதால் அவளுடைய பஸ் நேரம் மாறவில்லை.

பெண்களுக்கு இத்தனை அதிபர் இடம் என்று கோட்டா வைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருக்கிற இடத்தில் நிரப்பிவிட்டு, அந்தப் பெண் ஆறு மாதத்தில் களைத்து விலகினால் "பார்த்தீர்களா" என்பார்கள். கூட்டங்களைப் பாடசாலை நேரத்துக்குள் முடிக்கட்டும். உள்ளே இருக்கும் பள்ளிக்கூடங்களின் அதிபர் விடுதிகளைக் கதவும் மலசலகூடமும் உள்ளதாகத் திருத்தட்டும். கடமை நிறைவேற்று அதிபர் வெற்றிடங்களை அறிவித்தல் பலகையில் ஒட்டி விண்ணப்பம் கேட்கட்டும். அதன் பிறகும் "எனக்கேன் தலையிடி" என்றால், அப்போது அதை விருப்பம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மகள் விடயத்துக்கு வருகிறேன். போ என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். எழுதிக் கொடுக்க முன்னர் ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் விடுதியையும் றோட்டையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கோட்டக் கல்வி அலுவலகத்தில் எத்தனை ஆசிரியர் வெற்றிடம் என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஆளில்லாத பாடசாலையில் அதிபரே நாலு பாடம் எடுக்க வேண்டிவரும்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் பிள்ளையின் வயதை எழுதியிருக்கிறீர்கள், மருமகனின் வேலையை எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் ஓய்வுபெற்றதையும் எழுதியிருக்கிறீர்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றி வந்து, சோறு கொடுத்து, பின்னேரம் வீட்டுப்பாடம் செய்விக்கப் போவது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. மகளிடம் கேட்க முன்னர் அதை வீட்டில் கதைத்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.