டாக்ஸியில் பாட்டு திரும்பி வந்தால்

டாக்ஸி (TAXI) என்பது கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் பாட்டை டிவி, சினிமாவுக்குப் பாட்டு தேடுபவர்களிடம் கொண்டுபோகும் அமெரிக்க நிறுவனம். எந்த மாதிரிப் பாட்டு வேண்டும் என்று அறிவிப்பு போடுவார்கள். அனுப்பிய பாட்டு திரும்பி வந்தால், அந்த அறிவிப்பில் கேட்டதோடு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். 'நல்ல பாட்டு' என்று எழுதிவிட்டு டாக்ஸிக்காரர்கள் ஏன் திருப்பினார்கள் என்று குழம்ப வேண்டாம்.

பெரும்பாலும் வரிகள்தான் காரணமாக இருக்கும். ஆள் பெயரும் ஊர்ப் பெயருமாகக் கதை சொல்லும் பாட்டு, டிவி காட்சியின் கதையோடு மோதும். 'மழை விட்டாச்சு, கிளம்பு' மாதிரி பல காட்சிகளில் உட்காரும் வரிக்குத்தான் அங்கே மதிப்பு.

அறிவிப்பில் மாதிரியாகச் சொன்ன பாடல்களையும் உங்களுடையதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) எந்த நொடியில் வருகிறது, வேகம் எவ்வளவு என்று பாருங்கள். ரொம்ப விலகினால் அடுத்த முறை கட்டணம் கட்டாதீர்கள்.

அப்புறம், பீட் (பாட்டின் பின்னணி இசை) இணையத்தில் லீசுக்கு எடுத்ததா? அப்படியென்றால் முழு உரிமை உங்களிடம் இல்லை. அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.