வியட்நாம் கேள்வி பதில்: மாதத்தைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்கிறேன்

வியட்நாம் பயணம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கே: அண்ணா, 8 நாள் பேக்கேஜ். ஹனோய், ஹா லாங், ஹுவே, ஹோய் ஆன், சைகோன், ஃபூ குவோக் எல்லாம் வருகிறது. எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த நாடு வடக்கு தெற்காக 1,650 கிலோமீட்டர் நீளம், ஹனோயிலிருந்து சைகோனுக்கு (இப்போது ஹோ சி மின் நகரம்) போகும் ரயில் பாதையே 1,726 கிலோமீட்டர். எட்டு நாளில் ஆறு இடம் என்றால் பாதி நாள் விமான நிலையத்திலும், பாதி நாள் ஓட்டல் லாபியில் பெட்டியை வைத்துக்கொண்டு அறை காலியாகக் காத்திருப்பதிலும் போய்விடும். நடுப்பகுதியை மட்டும் பிடியுங்கள். ஹுவே, டா நாங், ஹோய் ஆன் மூன்றும் ஏறக்குறைய 130 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பழைய தலைநகரம், சிவன் கோயில்கள், வணிகத் துறைமுகம், நல்ல கடற்கரை எல்லாமே அங்கே இருக்கின்றன. ஹனோயையும் ஹா லாங்கையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவை எங்கும் போய்விடாது.

ஹுவேயிலிருந்து டா நாங்குக்குக் கட்டாயம் ரயிலில் போங்கள். ஹாய் வான் கணவாய்க்குக் கீழே மலையை ஒட்டி, கடலைப் பார்த்தபடியே வளைந்து வளைந்து போகும். தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல்.

கே: தீபாவளி லீவில் போகிறோம். நீங்கள் சொல்லும் அந்த நடுப்பகுதி சரிவருமா சார்?

சரிவராது. இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுவதுபோலவே கிழக்குக் கடலைப் பார்த்திருக்கும் அந்தப் பகுதிக்கும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் மழை; கூடவே புயலும் வரும். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனில் து போன் ஆறு ஏறி, பழைய தெருக்களில் படகு விடும் நிலை பல ஆண்டுகளில் வந்திருக்கிறது. ஓட்டல் விலை பாதியாக இருக்கிறதே என்று பார்த்தால் காரணம் அதுதான்.

தீபாவளிக்குத்தான் முடியும் என்றால் ஹனோய் பக்கம் போங்கள், அந்த நேரத்தில் அங்கே இதமாக இருக்கும். நவம்பர் பாதிக்கு மேல் என்றால் ஃபூ குவோக் தீவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு, கடலும் அமைதி. நடுப்பகுதிக்குப் பிப்ரவரி கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போகலாம். மே மாதம் பள்ளி விடுமுறையில் போனால் வெயில் சுடும், ஆனால் கடல் குளிக்கத் தோதாக இருக்கும். அப்புறம் அவர்களுடைய புத்தாண்டான டெட், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் பாதிக் கடைகள் மூடியிருக்கும், ரயிலில் இடமே கிடைக்காது.

கே: விசாவுக்கு எவ்வளவு? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, பிரச்சினை வருமா?

இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். வியட்நாம் அரசுத் தளத்தில் நேராகப் போடுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் இருக்கும் ஏஜென்ட் தளங்கள் கூடுதலாகக் கறந்துவிடும். சர்நேம் இல்லாதது குற்றமில்லை. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். விமான டிக்கெட்டிலும் அதே பெயர்தான் வர வேண்டும். நுழையும் தேதி என்று போட்டதற்கு ஒருநாள் முன்னால் போய் இறங்கினாலும் விடமாட்டார்கள்.

கே: மீ சோன் கோயில்களைச் சோழர்கள் கட்டியதாக வாட்ஸப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. ஹோய் ஆன் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோயில்கள், முன்பு அந்த நடுப்பகுதியை ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் கட்டியவை. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற அரசன் அங்கே பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்தான், அதன்பிறகு 13ஆம் நூற்றாண்டு வரை அடுத்தடுத்து கட்டிக்கொண்டே இருந்தார்கள். கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் அந்த நாட்டு மக்களின் சாம் மொழியிலும் இருக்கின்றன. செங்கல்லுக்கு இடையே சாந்து கண்ணுக்கே தெரியாது. நம் ஊர்க் கருங்கல் கோயில்களோடு ஒப்பிட்டால் வேலைப்பாடு முற்றிலும் வேறு. சோழர் பெருமைக்குத் தஞ்சாவூர் போதாதா, இதையும் ஏன் இழுக்க வேண்டும்?

1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த மிக உயரமான கோபுரம் போய்விட்டது. மிச்சமிருப்பதில் சிலவற்றை நம் இந்தியத் தொல்லியல் துறைதான் சீர்செய்தது. அப்போது 2020இல் ஒரே கல்லாலான லிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மீ சோன் போங்கள். சிற்பங்களில் நல்லவை அருங்காட்சியகத்தில் இருப்பதால், அதைப் பார்க்காமல் போனால் மீ சோன் வெறும் செங்கல் சுவர் மாதிரி தெரியும். காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பட்டினிதானா?

இல்லை அக்கா. அங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியில் சைவம் சாப்பிடுவார்கள். சைவம் என்று பொருள்படும் 'சாய்' (chay) என்று பலகை போட்ட கடைகள் அதற்கென்றே இருக்கின்றன, ஹுவேயில் நிறைய. அங்கே போய்விட்டால் கவலையே இல்லை. மற்ற கடைகளில் வெறும் கீரைப் பொரியல் கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அது உப்பு போடுவது மாதிரி. கறி வேண்டாம் என்று சொன்னால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள். சோறு எங்கும் கிடைக்கும் என்பதால் பருப்புப் பொடி ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். காபி பற்றிக் கவலை வேண்டாம், சொட்டுச் சொட்டாக இறங்கும் அவர்கள் டிகாக்ஷன் நம்முடையதைவிடக் கெட்டி.

கே: கை தாங்கும் பாலம் போகாமல் வந்தால் குழந்தைகள் விடமாட்டார்கள்!

டா நாங் பக்கத்தில் பா நா மலையில், இரண்டு பெரிய கைகள் தாங்குவது மாதிரி கட்டிய பாலத்தைச் சொல்கிறீர்கள். சரி, குழந்தைகளுக்காகப் போங்கள். 2018இல் திறந்த பாலம்தான், வரலாறு ஒன்றும் கிடையாது. டிக்கெட் விலை அதிகம், கூட்டம் அதைவிட அதிகம். கேபிள் கார் மட்டும் நிஜமாகவே நன்றாக இருக்கும். பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள் என்றால் அந்த நாளை ஹுவேக்குக் கொடுங்கள். 1802 முதல் 1945 வரை ஆண்ட நுயென் அரசர்களின் அரண்மனை அங்கே இருக்கிறது. 1947, 1968 போர்களில் பெரும்பகுதி இடிந்தும் மிச்சமிருப்பதைப் பார்க்கவே அரைநாள் வேண்டும். ஊருக்கு வெளியே மின் மாங், து டுக் அரசர்களின் கல்லறைத் தோட்டங்களில் மரமும் குளமுமாக நடந்துகொண்டே இருக்கலாம்.

கே: கடலில் குளிக்க எந்த இடம்? அம்மா அப்பாவும் வருகிறார்கள்.

டா நாங்கில் மீ கே. அகலமான மணல், காவலர்கள் உண்டு, சிவப்புக் கொடி இருந்தால் இறங்காதீர்கள். உள்ளூர் ஜனங்கள் காலை ஐந்து மணிக்கே வந்து குளித்துவிட்டுப் போய்விடுவார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஹோய் ஆனில் தங்கினால் ஆன் பாங் கடற்கரை. பக்கத்திலுள்ள குவா டாயில் மணலைப் பல இடங்களில் கடல் அரித்துவிட்டது, 'கடற்கரை ஓட்டல்' என்று பழைய படத்தைப் பார்த்து அறை போடாதீர்கள். பெரியவர்களுக்கு ஹோய் ஆன் பழைய ஊர் நல்லது, தரை சமம், வண்டிகளுக்குப் பெரும்பாலான நேரம் அனுமதி இல்லை.

கே: பணம்?

ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங். லட்சம் டோங் என்றால் 350 ரூபாய்க்குள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம், இருட்டில் டாக்சிக்குக் கொடுக்கும்போது பூஜ்யத்தை எண்ணிவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் நம் ஓலா மாதிரியான கிராப் (Grab) செயலியில் வண்டி பிடியுங்கள், பேரமே வேண்டாம்.