தடைசெய்யப்பட்ட அமைப்பின் இதழ் ஆய்வாளரின் கணினியில் இருந்தால் குற்றமா?

கேள்வி: தடைசெய்யப்பட்ட தீவிரவாத அமைப்புகளின் இணையப் பரப்புரை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அத்தகைய ஓர் அமைப்பின் இதழ்கள் சில என் மடிக்கணினியில் உள்ளன. வைத்திருந்தாலே ‘உபா’ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைது செய்வார்கள் என்று விடுதித் தோழிகள் சொல்கிறார்கள். காவல்துறையிடம் தடையின்மைச் சான்றிதழ் வாங்கித் தர ஓர் ஆய்வு ஆலோசனை மையம் முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?
– ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் ஆய்வாளருக்கென்று அப்படியொரு சான்றிதழே கிடையாது. முத்திரை குத்திய ஒரு தாளை அவர்கள் உங்களிடம் கொடுப்பார்கள். நாளை விசாரணை என்று ஒன்று வந்தால் அந்தப் போலித் தாளே உங்கள் மீதான முதல் வழக்காகிவிடும்.

இந்த மையங்களை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். பயங்கரவாத நிகழ்வுகளின் ‘அரிய தரவுத்தொகுப்பு’ என்று சொல்லி என் மாணவர் ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பென் டிரைவை விற்றார்கள். திறந்து பார்த்தால், 1970 முதலான இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் தொகுத்திருக்கும் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம்தான் அது. வணிக நோக்கமில்லாத தனி ஆய்வாளர் அதன் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் விலையில்லாமலே பெறலாம். விற்றவர்கள் விளக்கக் குறிப்பேட்டை நீக்கியிருந்ததால், தொடக்கத்தில் தரவைச் சேகரித்த நிறுவனம் அலுவலகம் மாறியபோது 1993ஆம் ஆண்டின் பதிவுகள் தொலைந்துபோன செய்தி மாணவருக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டில் பயங்கரவாதம் ஓய்ந்திருந்தது என்று எழுதிவிட்டார். மும்பைத் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்த ஆண்டு அது.

இனி உங்கள் அச்சத்துக்கு வருவோம். வன்முறையைத் தூண்டும் எழுத்தாகவே இருந்தாலும், அதை வைத்திருப்பது மட்டுமே பயங்கரவாதக் குற்றமாகிவிடாது என்று செயற்பாட்டாளர் வெர்னான் கோன்சால்வஸின் ஜாமீன் வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அந்த ஜாமீன் உத்தரவு அவருக்குக் கிடைத்தது, கைதாகி ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கழிந்த பிறகு. கோழிக்கோட்டில் 2019 நவம்பரில் இதே சட்டத்தில் கைதான கல்லூரி மாணவர்கள் இருவரில் ஒருவர், ஜாமீனில் வந்து, அது ரத்தாகி மீண்டும் சிறை சென்று, 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார். குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மையாகத் தோன்றினாலே ஜாமீன் மறுக்கப்படும் என்பது இந்தச் சட்டத்தின் விதி. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் நீட்டிக்கப்படலாம். ஆகவே, இறுதியில் நீதிமன்றம் என்ன சொல்லும் என்பதைக் காட்டிலும், முதல் நாளில் விசாரணை அதிகாரியின் முன் நீங்கள் எதை எடுத்து வைக்க முடியும் என்பதே முக்கியம்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். படிப்பது வேறு, சேர்வது வேறு. அமைப்பின் இதழ் பொதுவெளியில் கிடைத்து அதை எடுத்துப் படிப்பவர் வாசகர். அதே இதழுக்காக அவ்வமைப்பின் மூடிய டெலிகிராம் குழுவில் புனைபெயரில் நுழைந்து, நிர்வாகி கேட்கும் கேள்விகளுக்கு அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லி இடம்பிடிப்பவர், தம் எண்ணத்தில் எவ்வளவு தூய்மையான ஆய்வாளராக இருந்தாலும், பதிவுகளில் உறுப்பினராகத்தான் தெரிவார். சட்டவிரோத அமைப்பு என அறிவிக்கப்பட்டதில் உறுப்பினராகத் தொடர்வதே குற்றம், வன்முறையில் ஈடுபட்டிருக்க வேண்டியதில்லை என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்து, 2011ஆம் ஆண்டின் தளர்வான தீர்ப்பை மாற்றிவிட்டது. எனவே குழுவில் சேராதீர்கள். கிடைத்த இதழை ஆர்வத்தில் தோழிக்கு அனுப்பாதீர்கள். படிப்பவரைப் பரப்புபவராக மாற்ற ஒரு ஃபார்வர்டு போதும். வெடிபொருள் செய்முறை உள்ள பக்கங்கள் உங்கள் தலைப்புக்குத் தேவையே இல்லை.

பிரிட்டனில் 2008இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக முதுகலை மாணவர் ஒருவர், அமெரிக்க நீதித்துறையின் தளத்திலேயே கிடைத்த அல்-காய்தா கையேட்டை ஆய்வுக்காக எடுத்ததற்குக் கைதாகி, சில நாள்களுக்குப் பின் வழக்கின்றி விடுவிக்கப்பட்டார். அந்நாடு 2019இல், அத்தகைய ஆவணத்தை வைத்திருக்கக் கல்வி ஆய்வும் இதழியலும் நியாயமான காரணங்களே என்று சட்டத்தில் எழுதிவைத்தது. அதே 2019இல் நாமும் நம் சட்டத்தைத் திருத்தினோம், தனிநபர்களையும் பயங்கரவாதி என அறிவிக்க. ஆய்வாளருக்காக ஒரு வரி சேர்க்க எவருக்கும் தோன்றவில்லை. நம் பல்கலைக்கழக அறநெறிக் குழுக்களோ இரத்த மாதிரி எடுப்பீர்களா என்று கேட்கும் படிவத்தை அரசியல் ஆய்வாளரிடமும் நீட்டுகின்றன.

எந்த அமைப்பின் எந்த இதழ்கள், எந்த இயலுக்காகத் தேவை என்று நெறியாளருக்கு இன்றே கடிதம் எழுதுங்கள். முனைவர் பட்டக் குழுவின் அடுத்த கூட்டக் குறிப்பில் அது பதிவாகட்டும். பதிவிறக்கிய ஒவ்வொரு கோப்புக்கும் நாள், இணைய முகவரி, பயன் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கோப்புகளைத் தனி வன்தட்டில் வையுங்கள். நெறியாளர் கையெழுத்திடத் தயங்கினால், பெரும்பாலும் தயங்குவார், கடிதத்தைப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலும் சேர்ப்பித்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலிலும் அவருக்கும் துறைத் தலைவருக்கும் அனுப்புங்கள். அவர்கள் பதில் எழுதாவிட்டாலும், அந்தச் சான்றில் விழும் தேதி உங்களிடம் இருக்கும்.