தினமும் ‘விளையாடினோம்’ என்றுதான் சொல்கிறாள்

வணக்கம் சார்,

என் மகளுக்கு ஐந்து வயது. மழலையர் வகுப்பில் சேர்த்து அரை வருடம் ஆகிறது. "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று தினமும் கேட்கிறேன், "விளையாடினோம்" என்று தினமும் ஒரே பதில். நோட்டைத் திறந்தால் கோடுகள், வட்டங்கள், ஒட்டிய காகிதங்கள், அவ்வளவுதான். என் அண்ணன் மகனுக்கும் இதே வயது, வேறு பள்ளி. நூறு வரை எழுதுகிறான், சின்னச் சின்ன வார்த்தைகளை வாசிக்கிறான். பயந்துபோய் நானே பயிற்சி நோட்டு வாங்கி மாலையில் ஒரு மணி நேரம் எழுத வைக்கிறேன். பெரும்பாலும் அழுகையில் முடிகிறது. "விடுங்க, தானா வரும்" என்கிறாள் மனைவி. எனக்கு மனம் கேட்கவில்லை. இந்த வகுப்பில் உண்மையில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஒரு மணி நேரத்தை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அதற்காக உங்கள் மனைவி சொல்வது முழுக்கச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. தானாக வருவது கொஞ்சம்தான், மீதிக்கு வீட்டில் வேலை இருக்கிறது. ஆனால் அது பள்ளியில் நடப்பதை மாலையில் இன்னொரு முறை நடத்துகிற வேலை இல்லை.

"விளையாடினோம்" என்ற பதிலைக் கேட்டு நீங்கள் கலங்குவது புரிகிறது. ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சின்னக் குழந்தைகளுக்கென ஓர் இடம் தொடங்கி, நூல் பந்துகளையும் மரக்கட்டைகளையும் கையில் கொடுத்து விளையாட விட்டார். அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தது 1840-இல். 1851-இல் பிரஷ்ய அரசு அதைத் தடையே செய்துவிட்டது. ஒரு அரசாங்கமே பயந்த விஷயம், நீங்கள் பயப்படக் கூடாதா என்ன.

சரி, அவள் விளையாடினாள் என்றால் என்ன நடந்திருக்கும்? கட்டை அடுக்கும் மூலையில் இரண்டு பேர் பாலம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். இந்தக் கட்டை எட்டவில்லை, இதைவிட நீளமானது வேண்டும், அது இன்னொருத்தன் கையில் இருக்கிறது. பிடுங்கினால் சண்டை. கேட்க வேண்டும், கேட்டும் தராவிட்டால் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு சின்னக் கட்டைகளைச் சேர்த்தால் அதே நீளம் வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அளவு, கூட்டல், பேச்சு, பொறுமை எல்லாம் இதிலேயே ஓடுகிறது, நோட்டில் மட்டும் ஒன்றும் ஏறாது. பாட்டு நின்றதும் அசையாமல் நிற்கிற விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடத் துடிக்கிற உடம்பைப் பிடித்து நிறுத்திவைக்கும் பயிற்சி அது. ஆசிரியர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதற்கும், சொன்ன மூன்று வேலைகளை வரிசையாக நினைவில் வைத்துச் செய்வதற்கும் இந்தத் திறன்தான் வேண்டும். பின்னால் வரப்போகிற எல்லாப் படிப்புக்கும் அடியில் இது இருக்கிறது.

எழுதுவது பற்றி. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான், ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன. கடைசி ஒன்று எலும்பாகத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகலாம். விரல் தசைகளும் இந்த வயதில் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கின்றன. களிமண் பிசைவது, மணி கோப்பது, கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுவது எல்லாம் பென்சில் பிடிக்கப்போகிற கைக்குச் செய்கிற தயாரிப்பு. அந்த ஒட்டிய காகிதங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பத்து நிமிடம் அவளாக ஆசைப்பட்டு எழுதினால் எழுதட்டும், தன் பெயரை எழுத எல்லாக் குழந்தைக்கும் ஆசை உண்டு. எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதறாதீர்கள். ஏழு வயது வரைக்கும் அது சகஜம்.

இப்போது அண்ணன் மகனின் நூறு. நூறு வரை எழுதுவது நல்ல விஷயம்தான், அவனுக்குப் பிடித்துச் செய்கிறான் என்றால் இன்னும் நல்லது. ஆனால் வரிசையாக ஒப்பிப்பதும் எண்ணுவதும் ஒன்றில்லை. ஒரு சோதனை சொல்கிறேன், உங்கள் மகளிடம் செய்து பாருங்கள் (அண்ணன் வீட்டில் செய்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்). ஏழு பொத்தான்களை வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை தொட்டுத்தொட்டு எண்ணுவாள். உடனே "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "ஏழு" என்றால் பெரிய விஷயம். பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். ரோஷெல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுதலுக்குள் ஒளிந்திருக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் வரிசை மாறாது, கடைசி எண்ணே மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் அதேதான். நமக்கு இதெல்லாம் சொல்லவே தேவையில்லாத விஷயம். ஐந்து வயதில் ஒவ்வொன்றும் தனிக் கண்டுபிடிப்பு. இதற்கு நோட்டு வேண்டாம், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு தட்டு எடுத்துவரச் சொல்லுங்கள், படியேறும்போது எண்ணுங்கள், தாயக்கட்டை உருட்டிக் கட்டம் நகர்த்தி விளையாடுங்கள். ஐந்து புள்ளியை எண்ணாமலே ஐந்து என்று கண்டுகொள்ளும் நாள் வரும். வேண்டுமென்றே தோற்றுப்போகாதீர்கள், தோற்கப் பழகுவதும் பாடத்தில் சேர்த்தி.

வாசிப்புக்கு வருவோம். இங்கேதான் பெற்றோர் பலர் அவசரப்படுகிறார்கள். கண்ணால் எழுத்தைப் பிடிப்பதற்கு முன்னால் காதால் ஓசையைப் பிடிக்க வேண்டும். ‘பல்’லும் ‘பால்’லும் வேறு, ‘கல்’லும் ‘கால்’லும் வேறு என்று காது பிரித்துக் கேட்டால்தான் அந்தத் துணைக்கால் எதற்கு நிற்கிறது என்பது புரியும். அது கேட்காத குழந்தைக்குத் துணைக்கால் வெறும் கோடு. 247 எழுத்தையும் கட்டம் போட்ட அட்டையில் ஒட்டிவைத்துத் தினமும் ஒப்பிக்கச் சொல்வதைவிட, நடந்து போகும்போது ‘ம’வில் தொடங்குகிற சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவது மேல். சொல்லை அசை பிரித்துக் கை தட்டுங்கள். அந்தாதி மாதிரி, ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் தொடங்கலாம். ‘ன்’னில் முடிந்தால் என்ன செய்வது என்று அவளே கேட்பாள், அப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்.

கதைப் புத்தகம் தினமும் ஒன்று. ஒரே புத்தகத்தை இருபதாவது தடவையாகக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் படியுங்கள், உங்களுக்குத்தான் சலிப்பு, அவள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சொல்லைப் பிடிக்கிறாள். படிக்கும்போது எழுத்தைக் காட்டி "இது என்ன எழுத்து?" என்று தேர்வு நடத்தாதீர்கள். "ஏன் அது ஒளிஞ்சுக்கிச்சு?", "நீயா இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவள் ஒரு சொல்லில் பதில் சொன்னால் அதையே ஒரு முழு வாக்கியமாக நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள். க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிக் குழந்தையைப் பேசவிட்டுப் படித்த வீடுகளில் குழந்தைகளின் பேச்சு நன்றாகவே வளர்ந்தது தெரிந்தது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிற விஷயம் இருக்கிறது. வகுப்பில் ஒரு ஆசிரியருக்கு எத்தனையோ குழந்தைகள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் மகளோடு மட்டும் உட்கார்ந்து கால் மணி நேரம் பேச அவருக்கு வழியில்லை. அதைத் தரக்கூடிய இடம் வீடு ஒன்றுதான். நீங்களோ அந்த நேரத்தை எடுத்து, ஆசிரியர் உங்களைவிட நன்றாகச் செய்கிற வேலைக்குச் செலவழிக்கிறீர்கள். அதுவும் அழவைத்து.

பேச்சு என்றதும் ஒன்று. பள்ளி மொழி பழக வேண்டும் என்று, தமக்கே சரளமில்லாத மொழியில் வீட்டில் குழந்தையோடு தட்டுத்தடுமாறிப் பேசுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். "வா, சாப்பிடு, தூங்கு" என்பதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். எந்த மொழியில் உங்களுக்குக் கேலியும் கோபமும் கதையும் தாராளமாக வருமோ அந்த மொழியிலேயே பேசுங்கள். ஒரு மொழியில் நன்றாக விளக்கக் கற்ற குழந்தைக்கு அடுத்த மொழியில் அது கைகொடுக்கும்.

அப்புறம் அந்தக் கேள்வி. "என்ன படிச்ச?" என்பதற்குப் பெரியவர்களாலேயே பதில் சொல்ல முடியாது, அதுவும் களைத்து வீட்டுக்குள் நுழைந்த நிமிடத்தில். முதலில் உங்கள் நாளில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே?", "யாராவது அழுதாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். யார் அழுதது, யார் யாரைக் கிள்ளியது என்ற செய்தி முழு விவரத்தோடு வரும். நடந்ததை வரிசையாகச் சொல்வது பின்னால் கட்டுரை எழுதுகிறவளுக்கு முதல் பயிற்சி.

தன் வேலையைத் தானே செய்ய விடுங்கள். செருப்பு மாட்டுவது, டப்பா திறப்பது, கழிப்பறைக்குப் போய் வந்து கை கழுவுவது, பையில் பொருளை எடுத்துவைப்பது. காலையில் நேரமாகிறது என்று நாமே மாட்டிவிடுகிறோம், அது தெரியும், விடுமுறை நாளிலாவது விடுங்கள். தூக்கம்: 3 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். உங்கள் மாலை நேர அழுகையில் பாதி தூக்கக் குறைவாகக்கூட இருக்கலாம்.

பின்லாந்தில் முறையான பள்ளிப் படிப்பு ஏழு வயதில்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய ஒரு வருடம் முன்பள்ளி. அங்கே யாரும் வாசிக்கத் தெரியாமல் போய்விடவில்லை. ஆகவே அண்ணன் மகன் இன்று முன்னால் நிற்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை வேறு. அவள் பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, யாரோடும் சேர்ந்து விளையாடுவதே இல்லை, முன்பு செய்ததை இப்போது செய்யமுடியவில்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கும்போது "எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்காமல், யாரோடு விளையாடுகிறாள், உதவி வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கிறாளா, எந்த வேலையில் ரொம்ப நேரம் உட்காருகிறாள் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் அதற்கு நிறையப் பதில் வைத்திருப்பார்.

அன்புடன்.